பெட்டி மாமிக்கு ஒரு கை

கல்முனையில் எங்கள் பள்ளிவாசல் சந்தியிலிருந்து கடற்கரை வரைக்கும், பெட்டி மாமியின் பெட்டியைத் தூக்காத ஆண்பிள்ளை ஒருவர்கூடக் கிடையாது. மிகைப்படுத்துகிறேனோ என்று இரண்டு தரம் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கரண்ட் மீற்றர் பார்க்க வந்தவர் தூக்கியிருக்கிறார். டெங்குப் புழு தேடி வந்த சுகாதாரக்காரர்கள் தூக்கியிருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய விலாசத்தைக் கேட்கக் கேற்றைத் தட்டிய லீசிங் கம்பனிக்காரர், தட்டிய பாவத்துக்குத் தூக்கியிருக்கிறார். பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோக்காரர், மாமியின் மதில் தொடங்குகிற இடத்தில் பாட்டை நிறுத்தி, மதில் முடிந்த பிறகுதான் மறுபடியும் போடுவார்.

மாமியின் வழி மிகவும் மரியாதையான வழி. கேற்றுக்கு வந்தவருக்கு முகம் மலர்ந்து ஸலாம் சொல்வார். வெயிலைப் பற்றி விசாரிப்பார். விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பார். பாதிக் கோப்பை உள்ளே போய், இனி மறுப்பது மரியாதையில்லை என்ற கட்டம் வந்ததும், "மனே, இந்தப் பெட்டியில ஒரு கை புடியன்," என்பார். ஒருவரால் தூக்க முடியாதே என்று நீங்கள் கேட்பீர்கள். மறுமுனைக்கான ஆள் முன்பே வந்து, அடுத்த கதிரையில் வெறுங்கோப்பையோடு காத்துக்கொண்டிருப்பார்.

நான் அங்கு குடிபோவதற்கு முன்னால் ஒரு தேர்தலுக்கு வோட்டுக் கேட்டு ஒருவர் ஐந்து ஆட்களோடு உள்ளே போனாராம். அன்றைக்குப் பெட்டி அறையிலிருந்து விறாந்தைக்கும், விறாந்தையிலிருந்து சமையல் குசினிக்கும், குசினியிலிருந்து மறுபடி அறைக்கும் ஊர்வலம் போனது. வேட்பாளர் முழங்காலுக்கு மேல் தூக்க முடியாமல் மூச்சு வாங்கியதை மதிலுக்கு மேலால் தெருவே பார்த்தது. அவர் தோற்றதற்குக் கட்சி வேறு காரணம் சொன்னது. தெருவுக்குக் காரணம் தெரியும்.

நான் மாமியின் வீட்டு வளவுக்குக் குடிபோனது ஆறு மாத வயிற்றோடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் பின்னாலுள்ள அறைக்குப் போய்விடுவாள். மாமியும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். மகளும் மருமகனும் தொழிலுக்காகக் கொழும்புக்குப் போய்விட, மகளின் வீடு வாடகைக்கு விடப்பட்டது. எனக்கும் உம்மா வீடு கட்டித் தந்திருந்தா. ஆனால் அது இறக்காமத்தில் இருந்தது. என்னுடைய ஆரம்பப் பிரிவு ஆசிரியர் வேலை கல்முனையில் இருந்தது. கணவர் கட்டாரில் இருந்தார். ஆகவே முன்வீட்டில் நான், பின்னறையில் மாமி, மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி.

அது சீனத்துப் பெட்டி. கற்பூர மரத்தில் செய்தது. கொழும்பில் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய சீனச் சீலை வியாபாரி ஒருவரிடம் மாமியின் வாப்பா வாங்கி, மட்டக்களப்பு வரை ரயிலிலும் அங்கிருந்து லொறியிலும் கொண்டு வந்தாராம். மூடியில் ஓர் ஊரையே செதுக்கியிருக்கிறார்கள். முனை வளைந்த கூரை வீடுகள், ஒரு பாலம், பாலத்தின் மேல் குடை பிடித்த பெண்கள், கீழே தோணியில் ஒருவர், மரத்தடியில் ஊன்றுகோலோடு தாடிக் கிழவர். முன்பக்கத்தில் இரண்டு டிராகன்கள் ஒரு பந்துக்காக முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பக்கங்களில் மூங்கிலும் கொக்கும். நாலு மூலைக்கும் பித்தளை வௌவால். நடுவில் தட்டுப் போல ஒரு பித்தளைத் தகடு. அதில் தொங்குகிற பூட்டு, ஒரு மீன்.

முதல்நாள் இதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது பிளாஸ்டர்.

உயிருள்ளதன் உருவம் இருக்கிற அறையில் எப்படித் தொழுவது என்ற கவலையில், பெட்டியிலுள்ள ஒவ்வோர் உயிரின் முகத்திலும், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டரை அளவாக வெட்டி ஒட்டியிருந்தார் மாமி. குடைப் பெண்கள், தோணிக்காரர், கொக்கு, வௌவால் என்று ஒருவரும் தப்பவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் விபத்து வார்ட் போல இருந்தது. கடற்கரை ஈரத்துக்குப் பிளாஸ்டர் ஒரு கிழமைக்கு மேல் நிற்காது என்பதால், வியாழக்கிழமை தோறும் புதிது ஒட்டுவார். பாமசிக்காரர் ஆரம்பத்தில், வீட்டில் யாருக்குக் காயம் என்று கவலையோடு விசாரித்தாராம்.

"பதினேழு பேருக்கு," என்றாராம் மாமி.

அதோடு விட்டிருந்தால் ஆண்பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். ஆனால் தொழுதுகொண்டிருக்கும்போது காற்றுக்கு ஒரு பிளாஸ்டர் கழன்றால் என்ன ஆவது? அதனால் பகலில் லுஹர் தொழுகைக்கும் பின்னேரம் அஸருக்கும் பெட்டி விறாந்தைக்குப் போகவேண்டும். தொழுது முடிந்ததும் உள்ளே வரவேண்டும். விறாந்தையில் கள்ளன் பயம். தூக்க ஆள் கிடைக்காத மற்றத் தொழுகை வக்துகளில் மாமி குசினிக்குள் தொழுதார். அப்படியென்றால் எல்லா வக்தையும் குசினிக்குள்ளேயே தொழலாமே என்று கேட்டேன். படித்த பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"மீன் வெடுக்கு நாத்தம் மகள்."

ஒருதரம் மரவேலை ஓடாவியாரைக் கூப்பிட்டு எல்லா முகங்களையும் சீவி எடுக்கச் சொன்னார். ஓடாவியார் தாடிக் கிழவரின் மூக்கில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் மாமி அவருடைய கையைப் பிடித்துவிட்டார். "விடுங்க. வயசான மனிசன், அவருக்கு நோகும்." அன்றிலிருந்து தாடிக் கிழவருக்கு மட்டும் இரட்டைப் பிளாஸ்டர். கீழே இருப்பது மறைக்க, மேலே இருப்பது மருந்துக்கு.

டிராகன் விஷயத்தில்தான் பெரிய சிக்கல். அதை எங்கள் தெருப் பள்ளியின் மௌலவியிடம் கொண்டுபோனார். அவர் புதிதாக வந்தவர், பொறுமைசாலி. அப்படி ஓர் உயிரினம் உலகத்தில் இல்லை என்று விளக்கினார். இல்லாத ஒன்றுக்கு உயிர் உண்டா என்று மாமி கேட்டார். இல்லை என்றார் மௌலவி. மாமி நன்றி சொல்லிவிட்டு வந்து டிராகன்களின் பிளாஸ்டரைக் கழற்றினார். மூன்றாம் நாள் மறுபடியும் பள்ளியடியில் போய் நின்றார்.

"அதுட வாயால நெருப்பு வருது, மௌலவி. உசிரில்லாட்டி எப்பிடி மூச்சு வரும்?"

மௌலவி நேரில் பார்த்துச் சொல்வதாக வந்தார். தேத்தண்ணி குடித்தார். மறுமுனையில் கரண்ட் மீற்றர்க்காரர்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஹனா பிறந்துவிட்டாள். பிரசவ லீவு ஒரு திங்கட்கிழமையோடு முடிகிறது. ஐந்து மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவது என்ற ஒரே கேள்விதான் காலையில் கண் விழித்ததிலிருந்து என்னோடு வீடு முழுக்க நடந்து திரிந்தது.

நான் பயந்தவள். கேஸ் அடுப்பை மூடிவிட்டு, மூடினேனா என்று பார்க்க வருவேன். பார்த்துவிட்டு, சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி வருவேன். குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைப்பேன். அதில் அவள் விழித்து அழுதால், அழுகை ஏன் இப்படிக் கரகரக்கிறது என்று போனில் தேடுவேன். கிளினிக் மிஸ், குழந்தையைப் பார்ப்பதற்கு முன் என் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். மனதுக்குள் ஓயாமல் ஊதப்படுகிற இப்படியான சந்தேகத்தை எங்கள் ஆட்கள் வஸ்வாஸ் என்பார்கள். எனக்கு அடுப்பில், மாமிக்குப் பூட்டில். அந்த மீனை அவர் ஒருதரம் பூட்டினால் ஒன்பது தரம் இழுத்துப் பார்ப்பார். நான் எண்ணியிருக்கிறேன். எண்ணியது சரிதானா என்று மறுநாளும் எண்ணியிருக்கிறேன்.

குழந்தையைப் பார்க்க ஆள் தேடினேன். கூட வேலை செய்யும் ஒரு டீச்சர் ஒருவரை அனுப்பினார். வந்தவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போனில் நாடகம் பார்த்தார். இன்னொருவர், இருமல் மருந்து கொஞ்சம் கொடுத்தால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று எனக்கே புத்தி சொன்னார். இறக்காமத்தில் உம்மாவைக் கேட்டால், வாப்பாவுக்கு மூட்டு வலி, வயலோ கதிர் வரப்போகிற குடலைப் பருவம், வேலிப்பக்கம் யானை திரிகிறது, பார்ப்போம் மகள், என்றா.

"நான் என்னத்துக்கு இரிக்கன்?" என்றார் மாமி.

அதுதான் என் பயம்.

அதற்கு முந்திய கிழமைதான் குசினி ஜன்னலால் பார்த்தேன். மாமியின் இடுப்பில் ஹனா. பெட்டியின் ஒரு முனையில் பாண் ஓட்டோக்காரர், மறுமுனையில் லீசிங்காரர். நிலைக்கதவில் வௌவால் மூலை இடித்துவிடும் என்று, மாமி குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் கரண்டியோடு ஓடினேன். ஒன்றும் நடக்கவில்லை, ஹனா பொக்கை வாயால் லீசிங்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் குழந்தையும் பெட்டியும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் இந்த மனுஷி எதற்குப் போவார் என்று என் மனது கேட்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கேள்வியை நிறுத்த என்னால் முடியவில்லை.

மாமிக்கு அந்தப் பெட்டி ஏன் அப்படி என்பதும் எனக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதிகம் கதைப்பதில்லை. இருபது வருஷத்துக்கு முன் கடல் வந்தபோது, அந்தப் பெட்டி வீட்டை விட்டு மிதந்து போனது. மெயின் றோட்டையும் தாண்டி, மேற்கே வயல் வட்டைக்குள் ஒரு வரம்பில் சாய்ந்து கிடந்ததை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். மீன் பூட்டு பூட்டியபடி இருந்ததாம். உள்ளே சீலைகளின் மடிப்புக் கலையவில்லையாம். மாமியின் கணவர் திரும்பி வரவில்லை, பெட்டி வந்தது. உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்பது பற்றித் தெருவில் பல கருத்துகள் இருந்தன. அந்தப் பாரத்துக்குத் தங்கம்தான் என்று தூக்கியவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பூட்டைப் பற்றி நான் ஒரு வேலை பார்த்தேன். குழந்தை தூங்குகிற ஒரு பகலில், சீனர் ஏன் பூட்டை மீன்போலச் செய்கிறார்கள் என்று போனில் தேடினேன். மீன் தூங்கும்போதும் கண்ணை மூடாது; அதனால் காவலுக்கு நல்லது என்று நினைத்தார்களாம். சும்மா கதைக்கு மாமியிடம் சொன்னேன். மாமி மெதுவாக எழும்பிப் போய், மீனின் கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் கிளப்பி எடுத்தார்.

"இவ்வளவு காலமும் காவக்காரன்ட கண்ணைக் கட்டி வெச்சிரிக்கன், பாத்தியா."

உருவம் என்ற பிரச்சினை வராதா என்று கேட்டேன். மாமி அதற்கும் யோசித்து வைத்திருந்தார். மீனை மட்டும்தான் ஓதி அறுக்காமலே தின்னலாம். அதனால் மீனுக்குச் சட்டம் வேறு.

அதே வாயோடு நான் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். கற்பூர வாசம் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாது என்று போனில் போட்டிருப்பதாகச் சொன்னேன். பிள்ளையை உங்கள் அறைக்குள் விடமாட்டேன் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, திங்கள் முதல் உம்மா வந்து நிற்பா என்று பச்சைப் பொய் சொல்லிவிட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, அந்தப் பொய்யை உண்மையாக்க இறக்காமத்துக்குப் போனேன்.

உம்மா கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டா. உடுப்புப் பையும் கட்டியாயிற்று. ஞாயிறு விடிந்தபோது வீட்டுப் பின்மதிலில் பாதியைக் காணவில்லை. யானை தள்ளிவிட்டு, வாழைகளை முடித்துக்கொண்டு போயிருந்தது. பகலெல்லாம் கல் பொறுக்கினோம். வாப்பாவை அந்த உடைந்த மதிலோடு தனியே விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பது? பொழுதுபடுகிற நேரம் நானும் ஹனாவும் மட்டும் கல்முனைக்கு பஸ் ஏறினோம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்விறாந்தையில் வைத்து ஹனாவை மாமியின் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கத்தில் எழுதிய அறிவுறுத்தல்களையும் கொடுத்தேன். பால் எப்போது, துணி எப்போது, அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன. மாமி அதை வாங்கி, கண்ணாடி போட்டு, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொருதரம் வாசித்தார். கேற்றடியில் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஏழும் ஐந்தும் பதினொன்று என்று பலகையில் எழுதினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் முன்வரிசைப் பெண்ணொருத்தி எழும்பி வந்து, எனக்குப் பழி வராதபடி மெதுவாகத் திருத்திவிட்டுப் போனாள். முதலாம் பாடம் முடிய மாமிக்குப் போன் எடுத்தேன். மணி போனது; எடுக்கவில்லை. இரண்டாம் பாடத்தில் நாலு தரம். மூன்றாம் பாடத்தில் எண்ணவில்லை. இடைவேளை மணி அடித்ததும் அதிபர் மிஸ்ஸிடம் போய் நின்றேன். நான் வாய் திறக்குமுன், போய்விட்டு இருபது நிமிஷத்தில் வா என்றார். அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

ஓட்டோ தெருவுக்குள் திரும்பும்போது பாண்காரர் எதிரே வந்தார். மாமியின் மதில் அடியிலும் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மாமி கேற்றடியில் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கேற்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. என் சாவியால் திறந்து, கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடினேன். பதில் இல்லை. கிணற்றடியில் நான் கண்டதை நம்ப முடியவில்லை. பெட்டியின் மூடி கழற்றப்பட்டு மண்ணில் கிடந்தது. பாலமும் குடைப் பெண்களும் தாடிக் கிழவரும் வானத்தைப் பார்த்துக் கிடந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மிக்கல், பழைய சீலையொன்றில் பாதி சுற்றியபடி.

செருப்போடு அறைக்குள் பாய்ந்தேன்.

பெட்டி நடு அறையில் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அதன் விளிம்பில் கையை வைத்தபடி, பன்புல் விசிறியோடு தரையில் இருந்தார் மாமி. என்னைக் கண்டதும் விசிறியை உதட்டில் வைத்துக் காட்டினார். பெட்டிக்குள் ஹனா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே, தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப்போன ஓர் ஆண்பிள்ளை உடுத்த சாரம் நாலாக மடித்து விரித்திருந்தது. குனிந்து அவள் மூக்கடியில் விரலை வைத்தேன்.

"வருது," என்றார் மாமி, தணிந்த குரலில். "இப்பதான் நானும் பாத்த."

தரையில் அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். போன் எங்கே என்று கேட்டேன். அடித்தால் பிள்ளை எழும்புமாம். தலையணைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார். கட்டிலில் விட்டால் உருளும், ஏணைத் தொட்டிலில் விட்டால் கயிறு அறும், தரையில் விட்டால் எறும்பு வரும் என்று ஒவ்வொன்றாக விரல் மடித்துச் சொன்னார். பெட்டிக்கு நாலு பக்கமும் சுவர். மூடி விழுந்துவிடும் என்ற பயத்தில் பிணைச்சலையே கழற்றியாயிற்று. கற்பூர வாசத்துக்கு சனி, ஞாயிறு இரண்டு பகலும் பெட்டியை வெயிலில் திறந்து வைத்தாராம். பாண்காரரும் டெங்குக்காரரும் உதவி.

சனிக்கிழமையா? அப்போது நான் இறக்காமத்தில் அல்லவா இருந்தேன்.

"உம்மா வருவா எண்டு சொன்னனே மாமி."

"ஓம், சொன்னாய்தான்," என்றார். "வராட்டி?"

என் வாழ்நாள் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். எனக்காக இன்னொருவர் அதைக் கேட்டு, இரண்டு நாள் வெயிலில் நின்று, பதிலும் செய்து வைத்திருக்கிறார்.

கட்டிலின் மேல் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தவை கிடந்தன. இரண்டு சீலை, ஒரு தொழுகைத் துணி, நாலு பெட்டி பிளாஸ்டர், என் வாடகை ஒப்பந்தம். தங்கம் எங்கே என்று நானும் பார்த்தேன், மறைக்கமாட்டேன். அப்போதுதான் கிணற்றடியிலிருந்த அம்மிக்கல் நினைவுக்கு வந்தது. வேட்பாளர், மௌலவி, லீசிங்காரர், இத்தனை காலமாக இத்தனை இடுப்புகள்.

"மாமி, பெட்டிக்குள்ளயா அம்மிக்கல் கிடந்த?"

"கிடந்த."

"என்னத்துக்கு?"

மாமி விசிறியை நிறுத்தவில்லை. "அண்டைக்கு இது மிதந்து போச்சு மகள். என்ன விட்டுட்டு, அது மட்டும் போச்சு. இனிப் போகப்படாதெண்டு கல்ல வெச்சன்."

சிரிக்கவேண்டும் போல இருந்தது. தெருவிலுள்ள ஆண்பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன் வந்தன. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்ட நேரத்தில், அதே ஆசிரியைப் புத்தியில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

"அப்ப இப்ப ஏன் வெளிய எடுத்தீங்க?"

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அறிவுறுத்தல் தாளின் இரண்டு பக்கத்திலும் இதை எழுதாமல் விட்டது நான்தான் என்பதுபோல.

"உள்ளுக்க புள்ள இரிக்கி. கடல் வந்தா, மிதக்கவேணாமா?"

மூடியில்லாத பெட்டிக்குள் தண்ணீர் ஏறிவிடுமே என்று என் மூளையின் ஒரு மூலை சொல்லத்தான் செய்தது. அதன் முகத்திலும் ஒரு பிளாஸ்டரை ஒட்டினேன். பெட்டியின் முன்பக்கத்தில் மீன் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு தொங்கியது. மூடியோடு வெளியே போகாத மற்ற எல்லோரும் கட்டுப்போட்ட முகங்களோடு என் பிள்ளையைச் சுற்றி நின்றார்கள். மணியைப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் பதினாலு முடிந்திருந்தது. எழும்பி, ஓட்டோவில் ஏறி, பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேற்றைப் பூட்டினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தது. திரும்பவில்லை. மாமி பார்த்திருப்பார், ஒன்பது தரம்.

அந்தப் பெட்டிக்குள் ஹனா எழும்பி நிற்கப் பழகும் வரைக்கும் தூங்கினாள். பிறகு எனக்கு இடமாற்றம் வந்து, இப்போது அட்டாளைச்சேனையில் இருக்கிறோம். அவளுக்கு மூன்று வயது. போன பெருநாளைக்கு மாமியைப் பார்க்கப் போனோம். பெட்டிக்கு மூடி திரும்பியிருந்தது. முகங்களுக்குப் புதுப் பிளாஸ்டர். தாடிக் கிழவருக்கு இரட்டை. நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க லுஹருக்குப் பாங்கு சொன்னது. மாமி எழும்பிக் கேற்றடிக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். பெருநாளும் அதுவுமாகப் புதுச் சாரத்தோடு அந்தப் பக்கம் வர எந்த ஆண்பிள்ளைக்கும் துணிவில்லை.

நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன். மாமி மறுமுனையைப் பிடித்தார். இடுப்புப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். பெட்டி வந்துவிட்டது. இரண்டு பெண்கள் நடந்து நடந்து தூக்கிக்கொண்டு போகிற பாரம்தான் அது. விறாந்தையில் இறக்கும்போது பார்த்தேன். அம்மிக்கல் கிணற்றடியில், துணி துவைக்கிற கல்லாக, சவர்க்கார நுரையோடு கிடந்தது.

"கல்லத் திரும்ப வெக்கல்லயா மாமி?"

"எப்பிடி வெக்கிற?" என்றார் மாமி, மீனை இழுத்துப் பார்த்தபடி. "நீங்க சொல்லாமக் கொள்ளாம வாறீங்க. புள்ள எப்ப வருவாளெண்டு எனக்குத் தெரியுமா?"

ஹனா இப்போது அதற்குள் காலை நீட்டிப் படுக்கமாட்டாள். நான் அதைச் சொல்லவில்லை. மாமி தொழப் போனதும், சரியாக இருக்கட்டுமென்று, நானும் அந்த மீனை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.